மாரிக்கு எத்தனை அர்த்தம்

ஏப்ரல் 7, செவ்வாய்

காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உடம்பெல்லாம் முத்து. நெற்றி, முதுகு, காது மடலில்கூட. நாற்பத்திரண்டு வயதில் அம்மை. வாசலில் வேப்பிலை செருகியாச்சு. கடைக்குப் பூட்டு. இ-சேவை தமிழ்ச்செல்விக்கு ஆத்தா வந்திருக்காளாம் என்று பெரம்பலூர் முழுக்கப் பேச்சாகியிருக்கும்.

மாமியார் போட்ட சட்டம்: தாளிப்பு கிடையாது. தலை சீவக் கூடாது. சொறியக் கூடாது, வேப்பங்கொத்தால் தடவிக்கொள்ளலாம். போன் பார்த்தால் கண்ணுக்குள் முத்து போடும். எல்லாவற்றுக்கும் மேலே, கோபப்படக் கூடாது. வீட்டில் ஆத்தா இருக்கும்போது சத்தம் கேட்டால் அவள் முகம் சுளிப்பாளாம்.

கோபப்படக் கூடாதாம். என்னை. சர்க்கரை ஆலைக்காரன் கொடுத்த பழைய டைரி ஒன்று பீரோ மேலே கிடந்தது. வாயால் கத்த முடியாததை இதில் கத்திக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். தம்பி செந்தில் நேற்று அரியலூரிலிருந்து போன். 19ஆம் தேதி ஞாயிறு பாப்பாவுக்குப் பெயர் வைக்கிறார்கள். எங்கள் பக்கத்து வழக்கம், அத்தைதான் குழந்தை காதில் மூன்று தரம் பெயரைச் சொல்ல வேண்டும். அத்தை நான். என்ன பெயர் என்று கேட்டேன்.

"த்ருவிஷா."

"என்னடா அது, மாத்திரை பேரா?"

"எண்கணிதம் பாத்து வச்சதுக்கா."

அம்மா பெயர் மாரியாயி. ஊரில் மாரி. போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். பாப்பா பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராண்டாவில், அம்மா பேரையே வச்சுடுவோம்டா என்றேன். தலையாட்டினான். இப்போது கேட்டால், "அது பழைய பேருக்கா. விட்டுடு."

விட்டுடுவேனா. அந்தத் தலையாட்டலை நம்பி வெள்ளிக் கொலுசில் "மா" என்று எழுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 8, புதன்

அரிப்பு. தூக்கமில்லை. கேப்பைக்கூழ், இளநீர், மறுபடி கேப்பைக்கூழ். டாக்டர் கொடுத்த மாத்திரையை மாமியாருக்குத் தெரியாமல் விழுங்கினேன். அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், டம்ளரில் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறார்.

செந்தில் பெண்டாட்டி நித்யா போன் செய்தாள். திருச்சிப் பெண், மரியாதையான பெண். அதனாலேயே இன்னும் எரிச்சல்.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணி. கொரோனா அப்ப இந்தி டிவில மகாமாரி மகாமாரின்னுதான் சொன்னாங்க. அப்படின்னா கொள்ளைநோயாம். பச்சப்புள்ளைக்கு நோய் பேர வைக்கலாங்களா? இப்ப பாருங்க, உங்களுக்கே வந்துருக்கு."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மாமியார் வாசல்படியில் நின்று உதட்டில் விரல் வைத்தார். மூடிக்கொண்டேன்.

நோய் பெயராம். மாதம் மும்மாரி என்கிறபோது மட்டும் இனிக்கிறது. மாரி என்றால் மழை. தண்ணீர் கேட்டு ஆகாயத்தைப் பார்த்த வாயெல்லாம் சொன்ன சொல். ஆனால் நித்யா சொன்னதும் பொய்யில்லை, தேடிப் பார்த்தேன். வடமொழியில் அதே ஒலிக்குச் சாவு, கொள்ளைநோய். தமிழ் அகராதியிலேயே இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிறது, மழை, சாவு. நம் ஆத்தாளுக்கு எதிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்று படித்தவர்களே அடித்துக்கொள்கிறார்கள். கொடுக்கிறவளும் அவள்தான், எடுக்கிறவளும் அவள்தான் என்று எங்கள் தெருவில் எப்போதோ தீர்த்துவிட்டார்கள்.

த்ருவிஷாவையும் தேடினேன். ஒரு தளத்தில் நட்சத்திரம். இன்னொன்றில் வானத்து ராணி. மூன்றாவதில் அதிர்ஷ்டசாலி. அகராதி எதிலும் இல்லை. எவனோ எழுத்தைக் குலுக்கிப் போட்டிருக்கிறான். அதற்கு நோய் இல்லை, சாவு இல்லை, மழையும் இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

முதல் தண்ணீர் ஊற்றினார்கள். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீர். உடம்பு கொஞ்சம் லேசு.

தெருக்காரர்கள் வாசலோடு நின்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். என்னையில்லை. என் மேல் இருக்கிறவளை. போன மாதம் ஆதார் திருத்தம் லேட்டாகிறது என்று என்னிடம் கத்தின பூக்கார அம்மா, "தாயே, எங்க வூட்டுப் பக்கம் வந்துடாதம்மா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. சிரிப்பை அடக்கினேன், சிரித்தால் கன்னத்து முத்து வலிக்கிறது.

போர்வைக்குள் போன். மற்ற ஊரில் மாரி என்றால் என்ன? ஒரு வேகத்தில் ஆரம்பித்தேன், பழைய பேராம் என்றானே, அவன் முகத்தில் அடிக்க. கிடைத்தது:

ஜப்பான் – பந்து. விளையாடுகிற நூல் பந்து. பெண்களுக்குப் பெயராகவும் வைக்கிறார்கள்.

எஸ்டோனியா – செடியில் காய்க்கிற சின்னப் பழம்.

பிரெஞ்சு – புருஷன். (இவரிடம் சொன்னேன். கட்டிலுக்கு அந்தப் பக்கமிருந்து "அப்ப என்னையும் கும்பிடச் சொல்லு" என்கிறார். கரும்பு லோடு அடித்துவிட்டு வந்து குளிக்காமல் உட்கார்ந்திருக்கும் மாரி.)

ஹௌசா, ஆப்பிரிக்காவில் – கன்னத்தில் விடும் அறை. இது செந்திலுக்கு.

பாஸ்க், ஸ்பெயின் பக்கம் மலையில் – ஒரு பெண் தெய்வம். குகையில் இருப்பாள். புயல், ஆலங்கட்டி, மழை எல்லாம் அவள் கையில். படித்ததும் புல்லரித்தது. முத்துக்கு நடுவே புல்லரித்தால் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லி விளங்காது.

சிரியா – மண்ணுக்குள் புதைந்துபோன பழைய நகரம்.

வோல்கா ஆற்றங்கரை – ஒரு சனமே தங்களை மாரி என்றுதான் சொல்லிக்கொள்கிறது. அவர்கள் பேச்சில் அதற்கு மனுஷன் என்று அர்த்தம். ஆம்பிளை, புருஷன், மனுஷன்.

இதில் கொஞ்ச நேரம் நின்றேன். மனுஷன்.

மொத்தத்தையும் செந்திலுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான், இரண்டு நீலக் கோடு. பதில் இல்லை. துரைக்கு வேலை.

ஏப்ரல் 11, சனி

கோபம், புது ஆள் மேல். அதே பட்டியலை எங்கள் தமிழார்வலர் வாட்ஸப் குழுவில் போட்டேன். ரிடையர்டு ஐயா ஒருவர் ஐந்தே நிமிடத்தில்:

"பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன். எல்லாம் நம்மகிட்டேர்ந்து போனதுதான். ஜப்பான்காரன் பந்தையே நம்மகிட்டதான் கத்துக்கிட்டான்."

கீழே நாற்பது கைதட்டல்.

ஐயா, இல்லைங்க ஐயா. பெரும்பாலும் ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத மொழிகள். ஒவ்வொருத்தர் சொல்லும் தனித்தனி வழியில் வந்திருக்கிறது. பிரெஞ்சுக்காரனுக்கு லத்தீனிலிருந்து. வோல்காக்காரர்களுக்கு ஈரான் பக்கத்துப் பழைய பேச்சிலிருந்து என்கிறார்கள். மனுஷ வாய்க்கு வருகிற ஒலி கொஞ்சம்தான், அர்த்தம்தான் கோடி. அதனால் சில ஒலி நாலு ஊரில் நாலு அர்த்தத்தோடு வந்து உட்கார்ந்துவிடுகிறது. இப்படி எழுதிப் போட்டேன். "தமிழச்சியா நீங்க?" என்று பதில்.

குழுவை விட்டு வெளியேறிவிட்டேன். மாரிக்குப் பெருமை சேர்க்க ஜப்பானைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை. அந்த ஐயா வீட்டில் ஒரு பேத்திக்காவது மாரி என்று பெயர் வைத்திருக்கிறாரா கேளுங்கள். வைத்திருக்க மாட்டார். ஊருக்குத்தான் உபதேசம்.

பகல் முழுக்கக் காற்றில்லை. கரண்ட் இரண்டு தடவை போனது.

ஏப்ரல் 13, திங்கள்

இரண்டாவது தண்ணீர். அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து.

அம்மை போட்டவர்கள் எதைக் கேட்டாலும் மறுக்கக் கூடாது என்பது வழக்கம். கேட்பது நாமில்லையாம், ஆத்தாளாம். மூன்று நாளாக மாமியார் சுற்றிச் சுற்றி வந்தார். "என்னம்மா வேணும், கேளு. வாயத் தெறந்து கேளு."

எனக்கும் ஆசை வராமல் இல்லை. ஒரு போன் போதும். செந்தில் படித்தவன், சிமெண்ட் ஆலை லேப்பில் வேலை, ஆனாலும் தெருவில் ஆத்தா தேர் வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறவன். வேண்டாம் என்று இருந்தேன். மாமியார் இருக்கவில்லை. நான் கண்ணசந்த நேரத்தில் அவரே அவனுக்குப் பேசியிருக்கிறார்: "தம்பி, ஆத்தாவே தம் பேரக் கேக்குறா. குடுத்துடுப்பா."

பத்தாவது நிமிடம் செந்தில் லைனில்.

"சரிக்கா. மாரின்னே வச்சுடுறோம். நித்யாவும் சரின்னுட்டா. பாப்பாவுக்கு ஒண்ணும் வராம இருந்தாப் போதும்."

எனக்குத் தலைக்கு மேலே ஏறிவிட்டது. கேட்டது கிடைத்துவிட்டது, அதனாலேயே ஏறிவிட்டது. அம்மா பெயரை அம்மாவுக்காக வைடா என்றால் முடியாது. பயந்துகொண்டு வைக்கிறாயா? காய்ச்சலுக்குக் கட்டுகிற மந்திரக் கயிறா அம்மா பெயர்?

"வேணாம்டா. பயத்துல வைக்கிறதா இருந்தா ஒண்ணும் வேணாம்" என்று கத்தினேன். ஆமாம், கத்தினேன். மாமியார் மடமடவென்று மஞ்சள் தண்ணீர் தெளித்தார். ஆத்தா முகம் சுளிக்கவில்லை. முத்துகூட ஏறவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. வீட்டில் வடை பாயசம் இல்லை, என் புண்ணியத்தில். இவர் பக்கத்து வீட்டில் வாங்கித் தின்றுவிட்டு வந்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

செந்தில் போன் அடித்தான். நான் எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். எடுத்தேன். அவன் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"அக்கா, பழைய பேருன்னு சொன்னது சும்மா. நீ அனுப்புன லிஸ்ட்ல ஒண்ணு விட்டுட்ட. மலேசியாவுல மூணு வருசம் இருந்தேன்ல. அங்கயும் மாரி இருக்கு. வாங்கன்னு அர்த்தம். கேண்டீன்ல ஒரு மலாய்க்கார அம்மா தெனம் மாரி மாக்கான், மாரி மாக்கான்னு எல்லாரையும் கூப்பிடும். வாங்க சாப்பிடுவோம்னு. மொத நாளு அதக் கேட்டதும் எனக்குச் சோறு எறங்கலக்கா."

ஏன் என்றேன்.

"நம்ம ஊர்ல அந்தப் பேர எப்படிக் கூப்பிடுவாங்கன்னு மறந்துட்டியா?"

மறக்கவில்லை. எங்கள் ஊர் தா.பழூர் பக்கம். அம்மா பண்ணை வீட்டு வயலில் நடவு.

"ரெண்டாவது படிக்கிறேன். அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுட்டுப் போறேன். வரப்புல பண்ணவூட்டுச் சின்னவரு நிக்கிறான். என் கிளாஸுதான் அவன். ஏ மாரி, வந்து மாட்டப் புடிச்சுக் கட்டுங்கிறான். அம்மா சேத்துலேர்ந்து எந்திரிச்சு, இந்தா வந்துட்டேனுங்கன்னுச்சு. அவனுக்கு ஏழு வயசுக்கா. அம்மா அவனுக்கு 'ங்க' போட்டுச்சு. எம் பொண்ண ஒருத்தன் ஏ மாரின்னு கூப்பிட்டான்னு வையி, நான் ஜெயிலுக்குத்தான் போவேன். அதான் வேணாங்கிறேன். யாருக்கும் வாய்ல நொழையாத பேரா இருக்கட்டும்."

எனக்கும் அந்தக் குரல் தெரியும். சின்னவர் மட்டுமா, அவர் தங்கச்சி, அவர் வீட்டு டிரைவர். கேட்டுக் கேட்டு எனக்கு அது காதில் விழாமலே போயிருக்கிறது. இவனுக்கு விழுந்துகொண்டே இருந்திருக்கிறது.

"சரிடா. உம் பொண்ணு. நீ சொல்ற பேரையே நான் காதுல சொல்றேன்."

போனை வைத்துவிட்டு அழுதேன். அப்புறம் கோபம் வந்தது, இந்த முறை சரியான ஆள் மேல். ஏழு நாளாகத் தம்பியையும் நித்யாவையும் வாட்ஸப் ஐயாவையும் திட்டியிருக்கிறேன். ஒரு பெயரை இரண்டு தலைமுறைக்கு வாயில் வைக்கக் கூசுகிற மாதிரி பண்ணினவனை ஒரு வரி திட்டவில்லை. அவன் நன்றாகத்தான் இருக்கிறான். நாலு டிப்பர் ஓடுகிறதாம், சுண்ணாம்புக்கல் லோடு, செந்தில் வேலை பார்க்கிற அதே ஆலைக்கு.

ஏப்ரல் 15, புதன்

மூன்றாவது தண்ணீர். ஆத்தா இறங்கிவிட்டாள். வேப்பிலையை எடுத்து ஓடைக்கரையில் போட்டாச்சு. பூக்கார அம்மா வந்து, "என்னாச்சு என் ஆதாரு?" என்கிறது. மரியாதை ஒரே நாளில் முடிந்தது.

முதல் வேலை: கடுகு தாளித்து ஒரு ரசம்.

ஏப்ரல் 17, வெள்ளி

டாக்டர் பார்த்தார். பக்கெல்லாம் உதிர்ந்துவிட்டது, குழந்தை கிட்டே போகலாம் என்றார். நித்யாவுக்குச் சொன்னேன். "வாங்க அண்ணி, நீங்க இல்லாம எப்படி" என்றாள்.

கடை திறந்தேன். பெயர் மாற்றத்துக்கு ஒருவர் வந்தார். முனியாண்டி இனி மனீஷாம். "ஏங்க, முனியாண்டிக்கு என்ன?" என்று வழக்கமாகக் கேட்பேன். இன்று கேட்கவில்லை. அவருக்கு எந்த வரப்பில் என்ன கேட்டதோ.

கொலுசு வந்துவிட்டது. "மா" அழகாக விழுந்திருக்கிறது. கடைக்காரனிடம் அழிக்கச் சொன்னேன். அழித்தால் தழும்பு தெரியும் என்றான். அப்படியே வாங்கி வந்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அரியலூர். மண்டபத்தில் ஏசி ஓடவில்லை. வாசல் பிளக்ஸில் ஆளுயரத்துக்கு த்ருவிஷா. படியிலேயே செந்தில் என் கையைப் பிடித்து, "ஆத்தா எறங்கிட்டாள்ல. இன்னிக்கு நீ அக்காவா வந்து சொல்லு" என்றான். சொல்கிறேன்டா என்றேன். மனப்பாடம் பண்ணிக்கொண்டுதான் போனேன். த்ரு, வி, ஷா.

பார்த்தால் முன் வரிசையில் சின்னவர். வெள்ளை வேட்டி, கையில் காரின் சாவி. லோடு விஷயமாக ஆலைக்கு வந்து போகிறவராம், கூப்பிடாமல் இருக்க முடியவில்லையாம். சிரித்து வணக்கம் வைத்தார். நானும் வைத்தேன். கை எரிந்தது.

பாப்பாவை மடியில் வாங்கி உட்கார்ந்தேன். நித்யா ஒரு பக்கம், செந்தில் ஒரு பக்கம். வெற்றிலையால் குழந்தையின் ஒரு காதை மூடி இன்னொரு காதுக்குக் குனிந்தேன். மேளக்காரர் நிறுத்தினார். எல்லாரும் சத்தமில்லாமல் இருந்த அந்த நேரத்தில்தான்:

"ஏ செல்லம்மா. இங்க வா. தண்ணி கொண்டா."

சின்னவர். சமையல்காரரோடு பாத்திரம் கழுவ வந்த செல்லம்மா பெரியம்மா, எங்கள் சொந்த ஊர்த் தெருக்காரர், அம்மாவுக்கு ஒரு வயது மூத்தது. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடுகிறது. "இந்தா வந்துட்டேனுங்க."

செந்திலைப் பார்த்தேன். முகம் கறுத்துவிட்டது. குனிந்து என் காதோரம் வந்தான். நித்யாவுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னான்.

"அக்கா. மாரின்னு சொல்லு. சத்தமாச் சொல்லு."

நித்யாவைப் பார்த்தேன். அவளுக்கு எல்லாம் சொல்லியிருப்பான் போலிருக்கிறது. "சொல்லுங்க அண்ணி" என்றாள்.

சொன்னேன். மாரி. மாரி. மாரி. காதில் சொல்கிற ரகசியமாக இல்லை, மண்டபத்துக் கடைசி நாற்காலிவரை. பாப்பா திடுக்கிட்டு அழுதது. கூட்டம் பிளக்ஸைப் பார்க்கிறது, என்னைப் பார்க்கிறது.

மொய்க் கவரோடு சின்னவர் மேடைக்கு வந்தார். "என்னப்பா செந்திலு, போர்டுல ஒரு பேரு, காதுல ஒரு பேரு? மாரியா? நம்ம மாரி பேரா?" என்று சிரித்துக்கொண்டு குழந்தை கன்னத்தைத் தொடக் குனிந்தார். "ஏ மாரி."

செந்தில் அவர் கைக்கும் குழந்தைக்கும் நடுவே தன் கையை வைத்தான். குரல் உயரவில்லை.

"'ங்க' போட்டுக் கூப்பிடுங்க."

"கைக்கொழந்தைக்கா?"

"எங்கம்மாவுக்குத்தான் நீங்க போடலையே."

சின்னவர் எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தார். யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. கவரைத் தட்டில் போட்டுவிட்டுப் படியிறங்கினார். சாப்பிடவில்லை.

நாளைக்கு ஆலையில் இவன் வேலைக்கு என்ன வருமோ. வரட்டும். இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை, அந்த 'ங்க'வைச் சொல்லவைத்துவிட்டல்லவா அனுப்பியிருக்க வேண்டும்.

பந்தி முடிந்து கொலுசு போட்டுவிட்டோம். செல்லம்மா பெரியம்மா தொட்டில் பக்கம் வந்து நின்றது. கை ஈரம் என்று குழந்தையைத் தொடவில்லை. குனிந்து,

"மாரிங்களா. வாங்க. எம்புட்டு நேரங் கழிச்சு வர்றீங்க" என்றது.